திரும்பும் தேதி

காலை பத்து மணிக்கு, முன்பின் பார்த்திராத ஒரு வீட்டின் படுக்கையறையில், திறந்த அலமாரி ஒன்றின் முன்னால் வாயாடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வக்கீல் கொடுத்த பட்டியல். பக்கத்தில் ஏழு கோப்புகள். அந்த அலமாரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது. அதில் ஒரு துணி கசங்கியிருக்கவில்லை, ஒரு காகிதத்தின் முனை மடங்கியிருக்கவில்லை. ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் இத்தனை ஒழுங்கு இருக்கிறதென்றால், அங்கே யாரோ ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார் என்று அர்த்தம்.

வாயாடி என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. குடும்ப நீதிமன்றத்தில் பதிமூன்று வருடம் டைப் அடித்தவள். நீதிபதி பேசும்போது குறுக்கே பேசியதற்காக மூன்று தடவை எச்சரிக்கை வாங்கி, நாலாவதைக் கொடுக்கும் சிரமத்தை அவருக்கு வைக்காமல் தானே வேலையை விட்டுவிட்டு வந்தாள். இப்போது ஒரு துப்பறிவாளருக்கு உதவியாளர். அவர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சலித்துப் பார்த்தவர். நாளொன்றுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் முதுகுக்குப் பின்னால் அவள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான்.

அந்த ஊமைக்கோட்டான் இப்போது ஜன்னலோரம் நின்று அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரிக்குச் சொந்தக்காரி ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். நேற்று மாலை வந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். குழந்தை இல்லை. அடி உதை கிடையாது, குடி கிடையாது, ஆனால் இனி அந்த வீட்டில் ஒரு நாள் கூட முடியாது. அவளுடைய அண்ணன் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். சண்டையை அப்புறம் போடலாம், முதலில் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு வா என்று வக்கீல் பதினோரு வரிகளில் ஒரு பட்டியல் கொடுத்தார். கணவர் ஆபீஸ் போன நேரம் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஏழு கிடைத்தன. நாலைக் காணோம். கல்யாணச் சான்றிதழின் அசல் இல்லாமல் மனுவே போட முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். கணவருக்கு மூக்கில் வேர்த்திருக்க வேண்டும், தன்னை எங்கேயும் போக விடாமல் செய்யத்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்பது அவள் பயம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு இன்று காலை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டாள்.

வாயாடி பட்டியலில் விரல் வைத்து ஓட்டினாள். இருந்தவை: வீட்டுப் பத்திரம், வீட்டுக் கடன் காகிதம், இரண்டு பேரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரி கட்டிய ரசீது, நகை வாங்கிய பில், அப்புறம் கணவர் தன் பேரில் மட்டும் போட்டு வைத்திருந்த ஒரு வைப்பு நிதி. இல்லாதவை: கல்யாணச் சான்றிதழ், மனைவி பேரிலிருந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, மனைவியின் பள்ளிச் சான்றிதழ், மனைவியின் அடையாள அட்டை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதிமூன்று வருடத்தில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷன்மார் எதையெதை எங்கெங்கே ஒளித்தார்கள் என்று அவள் எத்தனை பக்கம் டைப் அடித்திருக்கிறாள். அரிசி டப்பாவில் வங்கிப் புத்தகம் வைத்தவன் உண்டு. நாய்க்குட்டி பேரில் கணக்குத் திறக்கப் பார்த்தவன் உண்டு.

"சார், இந்த ஆளு ஒளிக்கத் தெரியாத ஆளு. ஒளிக்க வேண்டிய டெபாசிட்டை நடுத் தட்டுல வெச்சுட்டு, பெண்டாட்டியோட பள்ளிக்கூட சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கான். அவ பத்தாவதுல என்ன மார்க்குன்னு பார்க்கவா?"

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, காகிதங்கள் காணாமல் போன இடங்களைக் காட்டினார். நாலு இடத்திலும் சீட்டுக்கட்டு அளவில் ஒவ்வொரு அட்டை செருகியிருந்தது. அச்சடித்தது போன்ற கையெழுத்தில் நாலு பத்திகள்: பொருள், எடுத்தவர், எடுத்த தேதி, திரும்பும் தேதி.

அந்தச் சீட்டுகளைப் பற்றி அந்தப் பெண் நேற்றே சொல்லியிருந்தாள். கணவர் ஓய்வூதிய அலுவலகத்தில் பதிவறைப் பொறுப்பாளர். அங்கே தட்டிலிருந்து ஒரு கோப்பு வெளியே போனால் அதன் இடத்தில் சீட்டு வைத்தாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு போனால் குடை மாட்டுகிற ஆணியில் சீட்டு. கத்தரிக்கோலை எடுத்தால் மேஜை இழுப்பறையில் சீட்டு. முதல் வருடம் அவள் சிரித்தாளாம். அப்புறம் சிரிக்கவில்லையாம். அதனால்தான் இந்த நாலு சீட்டையும் பார்த்தும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்த தேதி நாலிலும் ஒன்றுதான்: இந்த மாதம் இரண்டு. வாயாடியின் விரல் அங்கேயே நின்றது. வக்கீல் பட்டியல் கொடுத்தது ஐந்தாம் தேதி. அப்படியானால் பெண்டாட்டியைத் தடுக்க அவர் இதை எடுக்கவில்லை. அவள் தேடத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டார். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

கடைசிப் பத்தியில், கல்யாணச் சான்றிதழுக்கு மட்டும் தேதி இருந்தது: அடுத்த மாதம் பத்தொன்பது. மற்ற மூன்றிலும் தேதி இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு சின்னக் கோடு.

துப்பறிவாளர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சீட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஓய்வூதிய அலுவலகத்துக்குள் வாயாடி மட்டும் போனாள். பெரியப்பாவின் பழைய கோப்பு ஒன்றைத் தேடி வந்ததாகச் சொன்னாள். அவளுக்குப் பெரியப்பாவே கிடையாது. பதிவறையில் பொறுப்பாளர் இல்லை, வயதான பியூன் ஒருவர்தான் இருந்தார். அந்த அறையில் நாள் முழுக்கத் தூசியோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்த மனிதர், வாயுள்ள ஓர் ஆள் வந்ததும் நாற்காலியைத் தட்டிப் போட்டார். நீளமான இரும்புத் தட்டுகள் கூரை வரை போயின. அங்கங்கே கோப்புகளுக்கு நடுவே அதே அளவுச் சீட்டுகள், அதே நாலு பத்திகள். பெரும்பாலானவற்றில் தேதி. சிலவற்றில் கோடு.

பெரியப்பாவின் உடம்பு, அவருடைய மூட்டுவலி, பெரியம்மாவின் கோபம் என்று பத்து நிமிடம் அளந்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல், அந்தக் கோடு என்ன என்று கேட்டாள்.

"அதுவா? தேதி போட்டிருந்தா ஃபைல் திரும்பி வரும்னு அர்த்தம்மா. கோடு போட்டிருந்தா ஆளு போய்ச் சேர்ந்தாச்சு. கணக்கை முடிக்க மேல அனுப்பியாச்சு, அது இனிமே இந்தத் தட்டுக்கு வராது. எங்க பொறுப்பாளர் கொண்டுவந்த ஏற்பாடு. முப்பது வருஷத்துல அவரு ஒரு கோடு தப்பாப் போட்டது கிடையாது."

வாயாடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். பொறுப்பாளர் எங்கே என்று கேட்டாள். இன்று அரை நாள்தான், ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார் என்றார் பியூன். நாளையிலிருந்து பதினைந்து நாள் லீவாம். போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டாராம். காரணம் போடுகிற இடத்தில் குடும்ப விஷயம் என்று எழுதியிருந்ததாம்.

வெளியே வந்து கார் கதவைச் சாத்தியதும் அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்து சின்னக் காலண்டர் ஒன்றை எடுத்தார். அதற்கப்புறம் அவர் பேசியது, அவரிடம் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்டதிலேயே நீளமான பேச்சு.

"சொத்துச் சண்டைக்கு வேண்டியது இந்த ஏழும்தான். அதுல ஒண்ணையும் அவர் தொடலை. அவர் எடுத்தது நாலு. பாலிசி, செத்தவங்களோட வயசுக்கு ஆதாரம், அடையாளம், அப்புறம் தான்தான் புருஷன்னு காட்டக் கல்யாணச் சான்றிதழ். இருபது வருஷம் நான் இந்த நாலையும்தான் கேட்டு வாங்கினேன். இதுல மூணை அலுவலகம் வெச்சுக்கும். கல்யாணச் சான்றிதழை மட்டும் திருப்பி அனுப்பும். காப்பீட்டுப் பணம் கேட்டு மனு குடுத்த முப்பதாம் நாள்."

 அவர் காலண்டரில் நகத்தை வைத்துப் பின்னோக்கி நகர்த்தினார். இந்த மாதத்துக்கு முப்பது நாள். சான்றிதழ் திரும்புவது அடுத்த மாதம் பத்தொன்பது என்றால், மனு கொடுப்பது இந்த மாதம் பத்தொன்பது. மனுவோடு மரணச் சான்றிதழ் வைக்க வேண்டும். இந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் அது கைக்கு வரப் பத்து நாள். நகம் இன்னும் பத்துக் கட்டம் பின்னால் போய் ஓர் எண்ணின் மேல் நின்றது.

ஒன்பது. காலையில் அலுவலகத்தில் தேதி கிழித்தவள் வாயாடிதான். இன்றைக்குத் தேதி ஒன்பது.

தினமும் அந்தப் பதிவறைப் பொறுப்பாளர் தன் அலுவலக ஜன்னலில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு இப்போது உறைத்தது. வீட்டில் சாவு விழுந்து, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அலைகிற குடும்பங்களை. நாம் அப்படி அலையக்கூடாது என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறார். சீட்டு எழுதாமல் எடுக்க அவர் கையால் முடியாது. பொய்த் தேதி எழுதவும் அந்தக் கைக்கு வராது.

அவள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். கார் ஓடுகிற இரைச்சல் கேட்டது. அந்தப் பெண் ஆஸ்பத்திரித் தோழியிடம் பேசுவதுபோல் பேசினாள். அந்தக் குரலில் நேற்றில்லாத ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்கத்தான் வாயாடிக்குத் தாங்கவில்லை.

"இல்லம்மா, மத்தியானம் லீவு சொல்லிட்டேன். அவரோட அணைக்கட்டுப் பக்கம் போய்க்கிட்டிருக்கேன். எல்லாத்தையும் பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்லியிருக்காரு. அந்தக் காகிதமெல்லாம் கூட அவருகிட்டதான் இருக்காம், இன்னிக்கே தரேன்னாரு. நாளைக்குப் பேசறேன், என்ன?"

அவள் போனை வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

துப்பறிவாளர் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரை அழைத்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் புருஷன் பெண்டாட்டியைக் காரில் கூட்டிக்கொண்டு போவதும், அட்டையில் கோடு போடுவதும் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அவர் கேட்டார். அணைக்கட்டு இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம். அவர்கள் முக்கால்வாசி தூரம் போயிருப்பார்கள். துரத்திப் பிடிக்கிற கதையெல்லாம் இல்லை. அவர்களாகத் திரும்பி வர வேண்டும்.

வாயாடி பட்டியலை மடியில் வைத்து யோசித்தாள்.  இப்படி ஓர் ஆளைக் கெஞ்சித் திருப்ப முடியாது, மிரட்டித் திருப்ப முடியாது. மிரட்டினால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவான். அந்த ஆளுக்கு இந்த உலகத்தில் சகிக்க முடியாத விஷயம் ஒன்றுதான். குறையோடு நிற்கிற காகிதம்.

"சார், உங்க பழைய ஆபீஸ் கவுண்டர்ல நமக்கு இடம் கிடைக்குமா?"

கிளை மேலாளர் ஒரு காலத்தில் தனக்குக் கீழே வேலை பார்த்தவர் என்றார் துப்பறிவாளர். வாயாடி அந்தப் பெண்ணுடைய கணவரின் எண்ணைப் போட்டாள். வக்கீலின் பட்டியலில் அந்தப் பெண் எழுதி வைத்திருந்த பாலிசி எண் அவள் மடியில் இருந்தது. எதிர்முனையில் எடுத்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சலித்துப்போன குரல் ஒன்று அவள் தொண்டையிலிருந்து வந்தது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிப் பாலிசி எண்ணை நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"உங்க மனைவி பாலிசிதானே சார்? தணிக்கையில மாட்டியிருக்கு. வாரிசு நியமனப் பக்கத்துல சாட்சிக் கையெழுத்து விட்டுப்போச்சு. இன்னிக்கு மூணு மணியோட அந்தப் பட்டியலை மூடறாங்க. அதுக்கப்புறம் உங்க பேரு அதுல நிக்காது."

 அவர் அடக்கமான, மரியாதையான குரலில், நாளை வந்து போடலாமா என்று கேட்டார். நாளைக்கு மறுநாள் கூட வரலாம், ஆனால் நியமனம் இருக்காது என்றாள் அவள். தான் மட்டும் வந்தால் போதுமா என்று கேட்டார். அவர் தனியாக வருவதென்றால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று வாயாடிக்குப் புரிந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

"பாலிசிதாரர் இல்லாம எப்படி சார்? ரெண்டு பேரும் வரணும். அசல் காகிதம் எல்லாம் எடுத்துட்டு வாங்க. வரலைன்னா சொல்லிடுங்க, நான் அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

 இரைச்சல் மெல்லக் குறைந்தது. கார் நிற்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். நின்றது ஓரங்கட்டவா, திரும்பவா என்று தெரியவில்லை. பிறகு அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காப்பீட்டு அலுவலகத்தில் கவுண்டருக்கு உட்பக்கம் துப்பறிவாளர் உட்கார்ந்தார். பக்கத்தில் வாயாடி. காத்திருப்போர் பெஞ்சில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர், இன்ஸ்பெக்டர் நட்புக்காக அனுப்பி வைத்தவர்கள். ஒன்றே முக்கால் ஆனது. இரண்டு ஆனது. வாயாடி பாலிசி எண் எழுதிய பட்டியலை மடித்து மடித்துப் பிரித்தாள். தான் சொன்ன பொய்யில் எங்காவது ஓட்டை இருந்ததா, அது அந்த ஆளின் கண்ணில் பட்டிருக்குமா என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தாள். பட்டிருந்தால் அந்தப் பெண் இந்நேரம் இல்லை. அதற்கு வாயாடிதான் பொறுப்பு.

இரண்டு நாற்பதுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் பதிவறைக்காரர் வந்தார். மெலிந்த, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர், கையில் ஒரு தோல் பை. அவர் பின்னால், காற்றில் தலைமுடி கலைந்து, முகம் சுளித்துக்கொண்டு, அவர் மனைவி. பாதி வழியில் வண்டியைத் திருப்பிய எரிச்சல் அந்த முகத்தில் இருந்தது. அத்தனை அழகான எரிச்சலை வாயாடி அதுவரை பார்த்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் அவர்களைக் கண்டதும் அந்தப் பெண்ணின் கால் ஒரு நொடி தயங்கியது. காட்டிக்கொள்ள வேண்டாம் என்று வாயாடி கண்ணாலேயே சொன்னாள்.

துப்பறிவாளர் ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் நீட்டினார். பதிவறைக்காரர் பையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். மூலையில் துளையிட்டு நூல் கோத்த கோப்பு. ஒவ்வொரு தாளிலும் மேலே சிவப்பு மையில் பக்க எண். தைத்த கோப்பிலிருந்து தாளை உருவித் தருகிற வழக்கம் பதிவறையில் கிடையாது. கோப்பு முழுதாகப் போகும், முழுதாக வரும். முப்பது வருடம் பழகிய கை, யோசிப்பதற்கு முன்னால் நீட்டிவிட்டது.

ஒன்று, பாலிசி. இரண்டு, கல்யாணச் சான்றிதழ். மூன்று, பள்ளிச் சான்றிதழ். நாலு, உறையில் போட்ட அடையாள அட்டை. துப்பறிவாளர் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பியபோது, கவுண்டரைத் தாண்டி ஒரு கை அவசரமாக வந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்களில் ஒருவர் அந்தக் கையை நடுவழியில் பிடித்தார்.

துப்பறிவாளர் கோப்பைத் திருப்பி அந்தப் பெண்ணின் பக்கம் வைத்தார். அது இறப்புக் கோரிக்கைப் படிவம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எல்லாப் பத்தியும் நிரப்பியிருந்தது. இறந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். தேதி, ஒன்பது. இடம், அணைக்கட்டு. இறப்பின் காரணம் என்ற வரியில், நீரில் தவறி விழுந்து மூழ்கி.

அவள் அதை ஒரு தடவை படித்தாள். நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள். வாயாடி கவுண்டரைச் சுற்றி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

"அதுல கையெழுத்து இல்லை," என்றார் பதிவறைக்காரர். ஜன்னலில் நின்று தினமும் சொல்கிற அதே குரல். "கையெழுத்து இல்லாத படிவம் செல்லாது."

அந்தப் பெண் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அழவில்லை.

"தண்ணின்னா எனக்கு உயிரே போற பயம்னு எங்க அண்ணன்கிட்டகூட நான் சொன்னதில்லை. கல்யாணமான புதுசுல, வெக்கப்பட்டுக்கிட்டு, உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

 அவர் கண் இன்னும் படிவத்தின் மேலேயே இருந்தது.